முதல் மெட்டல் டிடெக்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஓய்வு நாட்களில் பொழுதுபோக்காக மெட்டல் டிடெக்டருடன் தேடத் தொடங்க விரும்புகிறேன். மனத்தில் இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, உறவினர் ஒருவரின் பழைய தோட்டம். அங்கே இடிந்துபோன வீட்டின் அடித்தளம் இன்னும் இருக்கிறது, தோண்டிப் பார்க்க அவர் சம்மதமும் கொடுத்துவிட்டார். மற்றொன்று கடற்கரை. விளம்பரங்களைப் பார்த்தால் ஒவ்வொரு கருவியும் எவ்வளவு ஆழம் வரை காட்டும் என்பதையே முதன்மையாகச் சொல்கிறார்கள். ஆழத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டுமா? ஒதுக்கியிருக்கும் பணம் முழுவதையும் கருவியிலேயே போட்டுவிடலாமா, அல்லது துணைச் சாமான்களுக்கும் எடுத்துவைக்க வேண்டுமா?

பதில் 1

ஆழக் கணக்கை முதலில் ஒதுக்கிவையுங்கள். நாணயம் அளவுள்ள பொருளைப் பொழுதுபோக்குக் கருவிகள் பெரும்பாலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழம் வரைதான் நம்பும்படி காட்டும். அதிலும் மண்ணின் இரும்புச் சத்தும் ஈரமும் கூட்டும், குறைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது தேடப்போகும் மண் எப்படிப்பட்டது என்பதையே.

உப்பு நீர் ஊறிய மணல் தானே மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒற்றை அலைவரிசையில் இயங்கும் கருவி, காய்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, அலை வந்து போகும் ஈர மணலில் கால் வைத்ததும் ஓயாமல் கத்தத் தொடங்கும். இந்த வகையில் கேரட் ஏஸ் 300 எட்டு கிலோ ஹெர்ட்ஸிலும், நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் பன்னிரண்டிலும் இயங்குபவை. தோட்டத்துக்கு இரண்டும் போதும், ஆனால் ஈர மணலில் உணர்திறனை வெகுவாகக் குறைத்தால்தான் அமைதியாகும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்பும் மைன்லேப் வான்குவிஷ், ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜண்ட் போன்றவை உப்பின் சைகையைப் பிரித்துக் கழித்துவிடுகின்றன. உங்களுக்கு இரண்டு இடமும் வேண்டும் என்பதால் இந்த வகையையே சொல்வேன். 'பல அலைவரிசை' என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சில கருவிகளில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், அது ஒற்றை அலைவரிசைக் கருவிதான்.

மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் வகை ஈர மணலில் மிக நன்றாக வேலை செய்யும். ஆனால் அது இரும்பைச் சரியாகப் பிரித்துக் காட்டாது. இடிந்த வீட்டைச் சுற்றி அதைக் கொண்டு தேடினால் துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பதிலேயே பொழுது போய்விடும். அந்த அடித்தளத்துக்கு அருகில் நான் பயன்படுத்துவது ஆறு அங்குலச் சிறிய காயில் (தரைக்கு மேல் வீசும், கம்பிச்சுருள் அடங்கிய தட்டையான தலைப்பகுதி). பெரிய காயிலுக்குக் கீழே ஒரே நேரத்தில் ஆணி, கம்பித் துண்டு, நாணயம் மூன்றும் வந்து, நாணயத்தின் ஒலி இரும்பின் ஒலிக்குள் அமுங்கிவிடும். சிறிய காயில் அவற்றைத் தனித்தனியாகக் கேட்கவைக்கும்.

இன்னொன்று. காயில் தண்ணீருக்குள் போகலாம் என்றால் கட்டுப்பாட்டுப் பெட்டியும் போகலாம் என்று அர்த்தமில்லை. வான்குவிஷ் 340, 440, 540 ஆகியவற்றின் பெட்டியை நீரில் அமிழ்த்தக் கூடாது. அலைகளுக்குள் இறங்கும் எண்ணம் இருந்தால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பதில் 2

துணைச் சாமான்களுக்கு அவசியம் பணம் எடுத்துவையுங்கள், அதிலும் பின்பாயிண்டருக்கு (குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சிறு கைக்கருவி) முதலில். இது இல்லாமல்தான் நான் முதல் சில மாதங்கள் தேடினேன். காயில் காட்டிய இடத்தில் குழி தோண்டி, மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிக் காயிலின் முன் ஆட்டிப் பார்ப்பேன். மண் ஒட்டிய செப்புக் காசு மண்கட்டியைப் போலவே இருப்பதால், கையில் இருந்தும் பலமுறை கீழே போட்டிருக்கிறேன். ஒருநாள் பொறுமையிழந்து மண்வெட்டியின் நுனியால் குத்தியபோது, வெளியே வந்த காசின் முகத்தில் பளபளவென்று புதுக் கீறல். அந்தக் காசு இன்னும் என்னிடம் இருக்கிறது, கீறலைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. பேனாவைவிடத் தடித்த அந்தக் கருவியைக் குழிக்குள் விட்டால், பொருள் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதை அதிர்வாலும் ஒலியாலும் காட்டிவிடும்.

தோட்டத்துக்கு ஓரத்தில் ரம்பப் பல் வைத்த உறுதியான கைமண்வெட்டி, கடற்கரைக்குத் துளையிட்ட அள்ளி, உடைந்த கண்ணாடிக்காகத் தடித்த கையுறை, ஹெட்போன், இரண்டு அறை உள்ள இடுப்புப் பை ஆகியவை போதும். குப்பையையும் எடுத்துவர ஓர் அறை வேண்டும். திரும்பப் போட்டால் அடுத்த முறை அதையே தோண்டுவீர்கள். புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல் போல விட்டுப் புல்லோடு புரட்டுங்கள். மண்ணை ஒரு துணியின் மேல் கொட்டினால் திரும்ப நிரப்புவது எளிது, மிதித்துவிட்டால் தோண்டிய தடமே தெரியாது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பிரித்தறியும் வசதியில் அலுமினியத் தாளையும் குளிர்பான கேனின் இழுப்பு வளையத்தையும் விலக்கிவிட்டால், கடற்கரையில் குப்பை தோண்டும் வேலை குறையும் அல்லவா?

பதில் 3

குறையும், மோதிரமும் அதோடு போய்விடும். திரையில் வரும் எண் உலோகத்தின் பெயரைச் சொல்வதில்லை, பொருளின் கடத்துதிறனும் அளவும் வடிவமும் சேர்ந்த விளைவையே சொல்கிறது. மெல்லிய தங்க மோதிரம் அலுமினியத் தாளும் இழுப்பு வளையமும் வரும் அதே எண்களில்தான் வருகிறது. ஆகவே தொடக்கத்தில் இரும்பை மட்டும் விலக்கிவிட்டு மற்றதெல்லாம் தோண்டுங்கள். சந்தேகமான ஒலி வந்தால் 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். ஒரு திசையில் தெளிவாகவும் மறு திசையில் உடைந்தும் கேட்டால் அது பெரும்பாலும் ஆணி.

பொய் ஒலிக்கு நாமே காரணமாவதும் உண்டு. இரும்பு முனை வைத்த காலணி, தண்டில் சுற்றாமல் தொங்கும் காயில் வயர், சட்டைப் பையில் கைபேசி, இவை எல்லாம் கருவியைக் குழப்பும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தம் கருவியைக் கொண்டுவந்தபோது, படுக்கையில் இருந்த உலோகச் சுருள்களே அதைக் குழப்பியதாகக் கூறப்படுகிறது.

தோட்டத்துக்கு வாய்மொழிச் சம்மதத்தோடு, கிடைப்பது யாருக்கு என்பதையும் உறவினரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தொல்லியல் இடங்களுக்குள் கருவியை எடுத்துச் செல்லவே கூடாது. கடற்கரையில் தேடலாமா, பழம்பொருள் கிடைத்தால் யாரிடம் தெரிவிப்பது என்பதையும் முன்பே விசாரியுங்கள். வெடிபொருள் போலத் தெரிவது எதையும் தொடாமல் விலகிச் சென்று காவல்துறைக்குச் சொல்லுங்கள். பழைய காசைத் தேய்க்காதீர்கள், உப்பும் எலுமிச்சையும் அதன் மேற்பூச்சை அழித்துவிடும்.

கருவி வந்த முதல் வாரம் எங்கும் போகாமல், தோட்டத்தின் ஒரு மூலையில் காசு, ஆணி, இழுப்பு வளையம், மோதிரம் ஆகியவற்றை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, காயிலைத் தரையை ஒட்டி மெதுவாக வீசி ஒவ்வொன்றின் ஒலியையும் கேளுங்கள். திரையைத் துணியால் மூடிவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.