பூனைக் காதில் வட்டமாக முடி உதிர்கிறது, படர்தாமரையா?

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பூனைக்குட்டிக்குக் காது மடலில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு முடி கொட்டி, ஓரத்தில் சாம்பல் தூவின மாதிரி செதில். அதிகம் சொறியவில்லை. என் மகள் முழங்கையிலும் சிவப்பு வளையம். வீட்டிலிருக்கும் படர்தாமரைக் களிம்பைப் போடலாமா?

பதில்: வேண்டாங்க. பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். அடங்கின மாதிரி காட்டிவிட்டு இன்னும் பரவும். பூனை நக்கியும் விழுங்கிவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிப் போங்கள். புற ஊதா விளக்கில் முடித்தண்டு ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்தால் அநேகமாக மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற படர்தாமரைப் பூஞ்சைதான். ஒளிராவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது, முடியை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பதில்: பெரும்பாலும் இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கொடுப்பார்கள். முடி முளைத்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து! உதிர்ந்த முடியில் பூஞ்சை வித்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தினமும் கூட்டி, ஈரத்துணியால் துடையுங்கள். பாப்பாவைத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரிங்க அண்ணா. வீட்டில் கிழப்பூனை ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்தே கொண்டுபோகிறேன்.