மைக்ரோவேவில் தேத்தண்ணி போடுகிறவர்கள் மேல் யாருக்குப் பொறாமை?

ஹாரோ சபேசன்:
"பிரிட்டிஷ்காரர்கள் அமெரிக்கர்களைக் கேலி செய்வதெல்லாம் பொறாமையால்தான், சாம்ராஜ்யம் கைவிட்டுப் போன வயிற்றெரிச்சல்" என்று நியூஜெர்சியில் இருக்கும் எடிசன் ரமணன் நேற்று நம் மன்றத்து விசா இழையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அங்கே பதில் கதைத்தால் நிர்வாகி கோபிப்பார் என்பதால் தனி இழை தொடங்குகிறேன்.

தம்பி, நான் 24 வருடமாக லண்டனில் இருக்கிறேன். இந்தச் சனத்துக்கு அமெரிக்கர் மேல் பொறாமை கிடையாது. பாவம் என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்துக்கு ஒஹையோவிலிருந்து ஒருவர் இரண்டு வாரம் வந்திருந்தார். நல்ல மனிதர். பத்துப் பேர் இருக்கும் அறையில் ஐம்பது பேருக்குக் கேட்கிற மாதிரி ஹலோ சொல்வார். முதல் நாளே மக்கில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, தேயிலைப் பையையும் உள்ளே போட்டு, மைக்ரோவேவில் வைத்துவிட்டார். பக்கத்திலேயே கேத்தல் இருக்கிறது! அங்கே நின்ற ஆறு பேரும் வாய் திறக்கவில்லை. ஒரு அம்மா மட்டும் "இன்ட்ரஸ்டிங்" என்றார். இங்கே அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த மனிதர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

எடிசன் ரமணன்:
சபேசன் அண்ணே, ஒரு ஆள் ஒரு மக்கை மைக்ரோவேவில் வைத்தார் என்பதற்காக ஒரு நாட்டையே பாவம் பார்க்கிறீர்களா? இது பண்பாட்டுப் பிரச்சினை அல்ல, மின்சாரப் பிரச்சினை. இங்கே சுவரில் வருவது 120 வோல்ட். சாதாரண பிளக்கில் 1500 வாட் கெட்டில்தான் தாங்கும். உங்களுக்கு 230 வோல்ட், 13 ஆம்பியர், 3000 வாட். ஒரு லிட்டர் தண்ணீர் அங்கே இரண்டு நிமிடத்தில் கொதித்தால் இங்கே நான்கு நிமிடம் ஆகும். ஒரு கோப்பைக்காக யார் காத்து நிற்பார்கள்?

பொறாமை இல்லையாம். இரண்டாம் உலகப் போரில் சுமார் 15 லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே வந்து இறங்கியபோது ஊரே என்ன புலம்பியது? "சம்பளம் அதிகம், சல்லாபம் அதிகம், அதுவும் நம்ம ஊரிலேயே!" இதற்குப் பெயர் பொறாமை இல்லையென்றால் வேறு என்ன அண்ணே?

டொராண்டோ தேவகி:
ரமணன், கனடாவிலும் 120 வோல்ட்தான். எங்கள் தெருவில் கேத்தல் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. சும்மா ஒரு தகவலுக்கு.

ஹாரோ சபேசன்:
தேவகி அக்கா ஒரு வரியில் முடித்துப்போட்டா! வோல்ட் கதை முடிந்தது. ரமணன் இனி என்ன சொல்லப் போகிறார்?

நான் வேறு ஆதாரமும் தருகிறேன். 2024 ஜனவரியில் லண்டனில் இருக்கும் அமெரிக்கத் தூதரகமே அறிக்கை விட்டது: நாங்கள் தொடர்ந்து முறையான வழியில், அதாவது மைக்ரோவேவில்தான் தேநீர் போடுவோம் என்று. அரசாங்க முத்திரை உள்ள இடத்திலிருந்து வந்த வாக்குமூலம். இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

எடிசன் ரமணன்:
அண்ணே! அது ஜோக்! பென்சில்வேனியாவில் பிரின் மார் கல்லூரி வேதியியல் பேராசிரியர் மிஷெல் பிராங்கிள், டீயில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு அடங்கும் என்று சொல்ல, உங்கள் ஊர்ப் பத்திரிகைகள் குதித்தன. தூதரகத்தார் அதைத் தணிப்பது போல ஆரம்பித்து, கடைசி வரியில் மைக்ரோவேவ் என்று போட்டுக் கிண்டல் செய்தார்கள். பிரிட்டிஷ் அரசின் கேபினட் அலுவலகமும் கெட்டிலில் மட்டும்தான் டீ போட முடியும் என்று பதிலுக்கு விளையாடியது.

அமெரிக்கனுக்கு நையாண்டி புரியாது என்பதுதானே உங்கள் ஊர்க்காரர்களின் பெரிய பெருமை? அமெரிக்கன் அடித்த நையாண்டியை 24 வருட லண்டன்வாசி வாக்குமூலமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இன்ட்ரஸ்டிங்.

நாகர்கோவில் நடராசன்:
ஐயா மார்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகன் செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறான். இங்கிருந்து எலக்ட்ரிக் கெட்டில் வாங்கிக் கொடுத்துவிடலாமா, அங்கேயே வாங்கலாமா? அப்புறம் இந்தக் கேத்தல் என்பது கெட்டில்தானா, வேறு ஏதாவதா?

ஹாரோ சபேசன்:
ரமணன், அது ஜோக் என்று எனக்கும் தெரியும். உண்மை இருந்தால்தான் ஜோக் எடுபடும். கேத்தல் வைத்திருக்கிற ஊரைப் பற்றி அப்படி ஒரு ஜோக் எழுத முடியுமா?

விஞ்ஞானம் வேண்டுமென்றால் அதையும் கேளுங்கள். கேத்தலில் அடியில் சூடேறும், சூடான நீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும், எல்லாம் கலந்து ஒன்றாகக் கொதிக்கும். மைக்ரோவேவில் மேல் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும், அடித் தண்ணீர் அவ்வளவு சூடாகாது. கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீர் வேண்டும். அரை வெப்பத்தில் ஊறினால் நிறம் வரும், சாரம் இறங்காது. பார்த்தால் தேத்தண்ணி, குடித்தால் குளத்துத் தண்ணி.

நடராசன் அண்ணை, கேத்தல் என்றால் கேத்தல்தான். என் அம்மம்மா காலத்திலிருந்து நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம். கெட்டில் என்பதுதான் நேற்று வந்த சொல்.

எடிசன் ரமணன்:
கெட்டிலைக் கேத்தல் என்று எழுதுகிறவர் அமெரிக்கன் சாக்கர் என்று சொன்னால் சிரிக்கிறார். போன உலகக் கோப்பை இழையில் "அது ஃபுட்பால், சாக்கர் என்பது அமெரிக்கக் காட்டுமிராண்டித்தனம்" என்று எழுதியது யார்? அந்தச் சொல்லே இங்கிலாந்தில் பிறந்தது. 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதை ஆக்ஸ்போர்டு மாணவர்கள் சுருக்கிச் செல்லமாக வைத்த பெயர். ரக்பியை ரக்கர் என்றார்கள் அல்லவா, அதே மாதிரி. இன்றைக்கும் உங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் 'சாக்கர் சாட்டர்டே' என்று நிகழ்ச்சி ஓடுகிறது. சொந்தப் பிள்ளையை அடுத்த வீட்டுக்காரன் வளர்த்தால் யாருடைய பிள்ளை என்று கேட்பீர்கள் போல.

கிளாஸ்கோ கண்ணன்:
எல்லாரும் 'பிரிட்டிஷ்காரர்' என்கிறீர்கள். யார் அது? இங்கிலாந்துக்காரரா, ஸ்காட்லாந்துக்காரரா, வேல்ஸ்காரரா? முதலில் அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே. நான் இருக்கும் பக்கம் அமெரிக்கர் மேல் அந்த இளக்காரம் அவ்வளவு இல்லை. எடின்பரோ ராயல் மைல் கடைத்தெருவில், குலத்துக்கு ஒன்று என்று விற்கும் கட்டத் துணிகளில் நான்கைக் காட்டி "இதில் எது என் குலத்துடையது" என்று கேட்கும் டெக்சாஸ் தாத்தாக்களைப் பார்த்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள்தான். ஆனால் அதில் பாசம் உண்டு. இங்கே கேலிக்கு முதல் ஆள் லண்டன்காரன்.

ஹாரோ சபேசன்:
கண்ணன், விஷயத்தைத் திருப்பாதீர்கள். கேள்வி மைக்ரோவேவ்.

ரமணன், உலகக் கோப்பையை நினைவுபடுத்தியதால் சொல்கிறேன். 1990 அரையிறுதியில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் ஆடின. பெனால்டி முடிந்த கணத்தில் நாடு முழுக்க எழுந்துபோய் கேத்தலைப் போட்டதில் மின்தேவை திடீரென்று 2800 மெகாவாட் ஏறியது. இந்த மாதிரி நேரத்துக்கு உதவ வேல்ஸில் மலையைக் குடைந்து டினோர்விக் நீர்மின் நிலையம் கட்டி வைத்திருக்கிறார்கள். நொடிக்கணக்கில் முடுக்கிவிடலாம். தேத்தண்ணிக்கு மலையைக் குடைந்த நாடு ஐயா இது! இவர்களா மைக்ரோவேவ்காரரைப் பார்த்துப் பொறாமைப்படப் போகிறார்கள்?

எடிசன் ரமணன்:
அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து தோற்றதே அண்ணே. துக்கத்துக்குக் கொதிக்க வைத்த தண்ணீரையும் சாதனைக் கணக்கில் சேர்க்கிறீர்களா? 1950இல் பிரேசிலில் எங்கள் அணி இங்கிலாந்தை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தபோது எத்தனை கெட்டில் கொதித்தது என்று யாராவது அளந்தார்களா?

டீயைப் பற்றி எங்களுக்குப் பாடம் வேண்டாம். 1773 டிசம்பர் 16 இரவே பாஸ்டன் துறைமுகத்தில் உங்கள் வரியை எதிர்த்து 342 தேயிலைப் பெட்டியைக் கடலில் கொட்டி நாங்கள் அந்த விவகாரத்தை முடித்துவிட்டோம்.

ஹாரோ சபேசன்:
'நாங்களா'? 1773இல் உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் தஞ்சாவூரில் நாற்று நட்டுக்கொண்டிருந்திருப்பார். நீங்கள் எச்1பி வேலை விசாவில் போய் இறங்கி எத்தனை வருடம்? போன மாதம்தான் கிரீன் கார்டு வரிசை நகரவில்லை என்று இங்கேயே அழுதீர்கள்!

எடிசன் ரமணன்:
வரிசை நகராதது என் தலையெழுத்து, அதைக் கேலிக்கு இழுக்க வேண்டாம். நீங்கள் மட்டும் கேத்தலுக்காக மலையைக் குடைந்தது உங்கள் தாத்தா மாதிரிப் பேசுகிறீர்களே. இடியாப்ப இழையில் நான் தேங்காய்ப்பால் சொதியில் புளி விட்டேன் என்று எழுதியதிலிருந்து என் மேல் உங்களுக்குக் காட்டம். எனக்குத் தெரியாதா?

ஹாரோ சபேசன்:
சொதியில் புளி விட்டவர் மைக்ரோவேவுக்கு வக்காலத்து வாங்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நானே அந்தக் கதையை எடுக்க வேண்டாம் என்று இருந்தேன்.

ஹட்டன் மலர்:
இரண்டு பேரும் கோப்பைக்குள் இருப்பது என்ன என்று பார்க்காமலே அடித்துக்கொள்கிறீர்கள். பாஸ்டனில் கொட்டியது சீனத் தேயிலை. அப்போது இலங்கையில் தேயிலைத் தோட்டமே இல்லை. ஜேம்ஸ் டெய்லர் இங்கே லூல்கந்துரவில் முதல் தோட்டம் போட்டது 1867இல். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து முன்பு கோப்பித் தோட்டத்துக்கு வந்ததுபோல் கொழுந்துக்கும் வந்தார்கள். இன்றைக்கும் லயத்தில், அந்த வரிசை அறைகளில்தான் பலர் இருக்கிறார்கள். சபேசன் அண்ணன் ஹாரோவில் வாங்கும் சாதாரண தேயிலைப் பையில் பெரும்பாலும் இருப்பது கென்யா இலை. அங்கிருந்துதான் பிரிட்டனுக்கு அதிகம் போகிறது. அதை எதில் கொதிக்க வைத்தால் என்ன?

கிளாஸ்கோ கண்ணன்:
டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். 1890இல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கிய லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். மறுபடியும் கேட்கிறேன், 'பிரிட்டிஷ்காரர்' என்றால் யார்?

ஹாரோ சபேசன்:
மலர் தங்கச்சி, உங்கள் ஆட்களின் கஷ்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் "எதில் கொதிக்க வைத்தால் என்ன" என்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் பிழை. அத்தனை பேர் கஷ்டப்பட்டுக் கொழுந்து பறித்தது மைக்ரோவேவில் போடவா? சொல்லுங்கள்.

ரமணன், வரியை எதிர்த்துக் கொட்டினோம் என்று பெருமைப்படுகிறீர்கள். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. நகர மையத்துக்குள் கார் ஓட்டினால் கட்டும் லண்டன் நெரிசல் கட்டணத்தை நான் ஒழுங்காகக் கட்டுகிறேன். அமெரிக்கத் தூதரகம் கட்டுவதில்லை. பாக்கி 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல்! அது கட்டணம் அல்ல வரி, 1961 வியன்னா ஒப்பந்தப்படி தூதரகத்துக்கு வரி இல்லை என்று சாக்கு. மைக்ரோவேவ்காரர் கணக்கு இதுதான்.

எடிசன் ரமணன்:
நெரிசல் கட்டணத்துக்கும் டீக்கும் என்ன சம்பந்தம்? சரி, கேட்டதால் சொல்கிறேன்: 1773இலும் உங்கள் வரி பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. கொள்கை மாறவில்லை. பாக்கி வைத்திருக்கிற மற்ற தூதரகங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே பொறாமை இல்லை, அதனால்தான்.

டொராண்டோ தேவகி:
1942இல் அமெரிக்கப் போர்த்துறை பிரிட்டனுக்குப் போகும் சிப்பாய்களுக்கு ஒரு சிறு கையேடு கொடுத்தது. அவர்களுக்கு நல்ல காப்பி போடத் தெரியாது, உங்களுக்கு நல்ல டீ போடத் தெரியாது, இரண்டுக்கும் சரியாய்ப் போயிற்று என்று அதில் எழுதியிருந்தார்கள். அதோடு, பீற்றிக்கொள்ளாதீர்கள், உங்கள் சம்பளத்தைக் காட்டி அவர்களை நோகடிக்காதீர்கள் என்றும். 80 வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோன சண்டையை நீங்கள் இரண்டு பேரும் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

ஹாரோ சபேசன்:
பார்த்தீர்களா! அமெரிக்க அரசாங்கமே எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது, "உங்களுக்கு டீ போடத் தெரியாது" என்று. இது ஜோக் அல்ல, போர்த்துறை!

எடிசன் ரமணன்:
பாதி வாக்கியத்தை விழுங்கிவிட்டீர்கள். சம்பளத்தைக் காட்டாதே என்று ஏன் எழுதினார்கள்? பார்த்தால் வயிறு எரியும் என்பதால்தானே? நான் விசா இழையில் சொன்னது இதைத்தான். தேவகி அக்கா, ஆதாரத்துக்கு நன்றி.

டொராண்டோ தேவகி:
நான் யாருக்கும் ஆதாரம் தரவில்லை.

நிர்வாகி:
தலைப்புக்குள் பேசவும். சொதி, கிரீன் கார்டு, நெரிசல் கட்டணம் எல்லாம் வேறு இழையில்.

ஹாரோ சபேசன்:
நிர்வாகி ஐயா, தலைப்பே மைக்ரோவேவ்தான். நான் முதலிலிருந்து அதிலேயே நிற்கிறேன். ஓடுவது ரமணன். கனடாவில் 120 வோல்ட்டில் கேத்தல் ஓடும்போது நியூஜெர்சியில் ஏன் ஓடாது? இந்த ஒரு கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. நிற்க. என் கேத்தல் கொதிக்கிறது, ஒரு வாய் குடித்துவிட்டு வருகிறேன்.

எடிசன் ரமணன்:
பதில் இருக்கிறது. கனடாக்காரர்கள் டீ குடிக்கிறார்கள், நாங்கள் காப்பி குடிக்கிறோம். டீயையும் பெரும்பாலும் ஐஸ் போட்டுத்தான் குடிக்கிறோம். அதனால் எங்கள் வீட்டில் கெட்டிலுக்கு வேலை இல்லை.

கிளாஸ்கோ கண்ணன்:
அப்படியானால் காரணம் வோல்ட் இல்லை, பழக்கம் என்று ஆகிறதே ரமணன்? முதல் பதிவில் நீங்கள் சொன்னது வேறு.

எடிசன் ரமணன்:
வோல்ட்டும்தான். கண்ணன், நீங்கள் முதலில் பிரிட்டிஷ்காரரா இல்லையா என்று முடிவு செய்துவிட்டு வாருங்கள். சபேசன் அண்ணே, இரண்டு நிமிடத்தில் கொதிக்கும் 3000 வாட் அல்லவா? நாற்பது நிமிடமாக ஆளைக் காணோமே?

நாகர்கோவில் நடராசன்:
ஐயா, கெட்டில் விஷயம் யாரும் சொல்லவில்லையே. பையன் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

ஹட்டன் மலர்:
அங்கேயே வாங்கச் சொல்லுங்கள் ஐயா. வோல்ட் ஒன்றுதான், ஆனால் பிளக் வேறு. உங்கள் ஊர் உருண்டைப் பின் அங்கே நுழையாது, சதுரப் பின் வேண்டும். தேயிலையை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

ஹாரோ சபேசன்:
வந்துவிட்டேன். நடராசன் அண்ணை, மகனிடம் சொல்லி வையுங்கள், விடுதிச் சமையலறையில் மைக்ரோவேவும் இருக்கும். அதில் தண்ணீர் சுட வைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் ஆபத்து. ரமணன், 'வோல்ட்டும்தான்' என்றால் என்ன அர்த்தம்? விளக்கமாக எழுதுங்கள்.