7 ஃபிரேமுக்கும் 23 ஃபிரேமுக்கும் ஒரே விலையா? ஷூட் அவுட்டுக்கு ரேங்கிங் எதற்கு?

செந்தூல்_கியூ:
நேராகவே கேட்கிறேன். ஸ்நூக்கரில் ஷூட் அவுட் போட்டியை ரேங்கிங் போட்டியாக, அதாவது உலகத் தரவரிசைப் பட்டியலில் சேரும் போட்டியாக வைத்திருப்பதில் என்ன நியாயம்? பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் ஆட்டத்துக்கு ஒரே ஃபிரேம் (பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடுவது), அதுவும் 10 நிமிடம்தான். முதல் 5 நிமிடத்தில் ஓர் அடிக்கு 15 விநாடி, அப்புறம் 10 விநாடி. மணி அடிக்கும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவர் ஜெயித்தார். 128 பேர், 7 சுற்று. 7 ஃபிரேம் ஜெயித்தால் 50,000 பவுண்டு, மேசையருகே நின்ற நேரம் எல்லாம் சேர்த்தாலும் 70 நிமிடம் தாண்டாது. 2014-இலிருந்து ரேங்கிங் என்பதே இரண்டு வருடப் பரிசுப் பணத்தின் கூட்டல் என்பதால், அந்தத் தொகை அப்படியே பட்டியலில் ஏறுகிறது.

இப்போது ஷெஃபீல்டுக்கு வாருங்கள். உலகச் சாம்பியன்ஷிப் காலிறுதியில் தோற்பவருக்கும் அதே 50,000 பவுண்டுதான். அவர் முதல் சுற்றில் 10 ஃபிரேம், அடுத்த சுற்றில் 13 ஃபிரேம் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார். தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்தவர் என்றால் அதற்கு முன்பே பட்டபாடு தனிக் கணக்கு. இருவரையும் ஒரே தராசில் வைக்கிறார்கள். எனக்கு இது ஜீரணமே ஆகவில்லை.

பட்டர்வொர்த்_பாலா:
தம்பி, கூட்டல் சரி, கோபம்தான் தவறான ஆள்மேல் போகிறது. ஷூட் அவுட் பணத்தை மட்டும் வைத்துப் பட்டியலில் மேல் 16-க்குள் நுழைந்து உட்கார்ந்தவர் யாராவது இருந்தால் காட்டு. 2018-இல் ஜெயித்த மைக்கேல் ஜார்ஜியோ சைப்ரஸ்காரர், அந்த ஒரு கோப்பையோடு சரி. இரண்டு வருடக் கணக்கில் 50,000 என்பது ஒரு தள்ளு, அவ்வளவுதான். தள்ளிவிட்ட பிறகு நடக்க வேண்டியது அவன் காலால்தான்.

இன்னொன்றையும் கவனி. ஈரான்காரர் ஒருவர் ரேங்கிங் கோப்பையைத் தூக்கிய முதல் தடவை எது? 2022 ஷூட் அவுட், ஹொசைன் வஃபாயி. நம் மலேசியா போன்ற நாட்டிலிருந்து போகிறவனுக்கு 35 ஃபிரேம் இறுதி ஆட்டமெல்லாம் கனவு. ஒரு வாரம் கை நன்றாக ஓடினால் பெயர் வரும் என்ற கதவு ஒன்றாவது திறந்திருக்கட்டுமே.

செந்தூல்_கியூ:
வஃபாயியை இதற்குள் இழுக்காதீர்கள் அண்ணே. அவர் எந்த மேசையிலும் சென்சுரி (ஒரே மூச்சில் 100 புள்ளி) அடிக்கிறவர், ஷூட் அவுட் இல்லாமலும் வந்திருப்பார். என் கேள்வி அவரைப் பற்றியதே இல்லை. 64-ஆம் இடத்தை நினையுங்கள். சீசன் முடிவில் மேல் 64 பேருக்கு இடம் பத்திரம், கார்டுக் காலம் (தொழில்முறைச் சுற்றில் ஆடும் உரிமை) முடிந்தவன் 65-இல் இருந்தால் கிட்டத்தட்ட மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் கோட்டருகே சில ஆயிரம் பவுண்டுதான் வித்தியாசம். அங்கே ஒருவன் ஷூட் அவுட்டில் மூன்று நான்கு ஃபிரேம் ஜெயித்துவிட்டு மேலே போகிறான், சேஃப்டி (எதிராளிக்கு வாய்ப்புத் தராத தற்காப்பு ஆட்டம்) ஆடத் தெரிந்தவன் கீழே விழுகிறான். தள்ளு என்றீர்களே, தள்ளப்படுகிறவன் பக்கத்தில் ஒருவன் விழுவதையும் பார்க்க வேண்டும் இல்லையா?

ஜெலுத்தோங்_மணி:
நள்ளிரவு மூன்று மணிக்கு எழுந்து லண்டன் ராத்திரி ஆட்டம் பார்க்கிறவன் நான். 10 நிமிட ஆட்டம் என்றால் தூங்காமல் பார்க்க முடிகிறது. என் ஓட்டு ஷூட் அவுட்டுக்கு. காரணம் வேறு எதுவும் இல்லை 😄

பிரவுன்பந்து:
மணி, நீ போய்த் தூங்கு.

நீங்கள் இருவரும் சின்ன மீனுக்கே தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 50,000-க்கு இவ்வளவு சத்தம் என்றால் சவூதிக்கு என்ன சொல்வீர்கள்? 2024-இல் அங்கே தொடங்கிய போட்டியில் முதல் பரிசு 5 லட்சம் பவுண்டு, உலகச் சாம்பியனுக்குக் கிடைக்கும் அதே தொகை. அங்கே இறுதி ஆட்டத்தில் 10 ஃபிரேம் ஜெயித்தால் போதும், ஷெஃபீல்டில் 18 வேண்டும். முதல் வருடம் ஜட் டிரம்ப் 10-9 என்று மார்க் வில்லியம்ஸைத் தோற்கடித்தார். அடுத்த வருடம் நீல் ராபர்ட்சன், ஓ'சல்லிவனை, அதுவும் 10-9. கடைசி ஃபிரேம் கை மாறியிருந்தால் லட்சக்கணக்கான பவுண்டு இடம் மாறியிருக்கும். அதே ராபர்ட்சன் 2024 வசந்தத்தில் மேல் 16-க்கு வெளியே போய், தகுதிச் சுற்றில் ஜேமி ஜோன்ஸிடம் 10-9 என்று தோற்று, உலகச் சாம்பியன்ஷிப் நடக்கும் ஷெஃபீல்டு கிரூசிபிள் அரங்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நின்றவர். 2010 உலகச் சாம்பியன்! பட்டியல் யாரையும் தாங்கிப் பிடிப்பதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் போட்டிக்கு எவ்வளவு எடை என்பதைப் பணம் போடுகிறவர் தீர்மானிக்கிறார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாஸ்டர்ஸ் போட்டியில் 16 பேர்தான், அழைப்பு ஆட்டம், அதனால் அந்தப் பணம் ரேங்கிங்கில் சேராது. சரி, ஒப்புக்கொள்கிறேன். பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பிலும் 16 பேர்தான், ஒரு வருடப் பட்டியலில் மேலே இருப்பவர்கள் மட்டும். அந்தப் பணம் சேருமாம்! இருப்பவனுக்கே இன்னும் கொஞ்சம். இதை யாராவது விளக்குங்கள்.

பட்டர்வொர்த்_பாலா:
அதிலாவது யார் வேண்டுமானாலும் அந்த வருடம் நன்றாக ஆடி உள்ளே போகலாம் அக்கா. சீனாவின் ஜாவ் சின்டோங்கைப் பாருங்கள். தடைக்காலம் முடிந்து, கையில் கார்டு இல்லாமல், அமெச்சூராக 2025-இல் ஷெஃபீல்டு வந்தார். நான்கு தகுதிச் சுற்று, அப்புறம் அரையிறுதியில் ஓ'சல்லிவனை 17-7, இறுதியில் வில்லியம்ஸை 18-12. ஒரே பரிசு, நேராக 11-ஆம் இடம். பழைய புள்ளி முறையில் உலகச் சாம்பியனுக்கு 10,000, யுகே சாம்பியனுக்கு 8,000 என்று ஓர் அறைக்குள் உட்கார்ந்து எழுதி வைத்தார்கள். அந்த எண்ணை எழுதியவர் யார், எதற்காக 8,000, ஏன் 7,000 இல்லை? பணத்துக்காவது ஒரு கணக்கு இருக்கிறது, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

செந்தூல்_கியூ:
எழுதி வைத்த எண்ணையாவது திட்டலாம், மாற்றச் சொல்லலாம். ஸ்பான்சரின் பையை யார் திட்டுவது? அப்புறம் பட்டியலில் வரவு மட்டும்தான் ஏறுகிறது, செலவு ஏறுவதில்லை. ஷெஃபீல்டில் பிறந்தவன் பேருந்தில் போய் ஆடுகிறான். சீனர்கள் கூட்டாக அங்கேயே அகாடமியில் தங்குகிறார்கள். பினாங்கிலிருந்து போகிறவன் விமான டிக்கெட், விசா, வாடகை எல்லாம் பவுண்டில் கொடுத்துவிட்டு அதே முதல் சுற்றில் நிற்க வேண்டும். வருடத்துக்கு 20,000 பவுண்டு உத்தரவாதம் என்று கொண்டுவந்தார்கள், அதுவும் பரிசில் கழித்துக்கொள்ளும் முன்பணம்தான். நம் தோர் சுவான் லியோங் தொழில்முறைச் சுற்றில் ஆடியவர். அவருக்குப் பின்னால் ஏன் ஒரு வரிசை வரவில்லை என்று கேட்டால் திறமை இல்லை என்கிறார்கள். நம் வெள்ளியை (ரிங்கிட்டை) பவுண்டாக மாற்றிப் பார்த்தால் பதில் தெரியும்.

பட்டர்வொர்த்_பாலா:
அப்படிப் பார்த்தால் அவனுக்கு எது லாபம், நீயே சொல். ஒரு வாரம் தங்கி 50,000 பவுண்டுக்கு ஆடும் போட்டியா, இல்லை 17 நாள் ஹோட்டல் வாடகையா? உன் வாதம் என் பக்கம் சாய்கிறதே!

பிரவுன்பந்து:
பாலா சொல்வதில் பாதி உண்மை. ஆனால் வீட்டிலும் கொஞ்சம் பார்க்கலாம். இங்கே ஸ்நூக்கர் சென்டர் என்றாலே அப்பா அம்மா முகம் சுளிக்கிறார்கள், பள்ளிச் சீருடையோடு போனால் உள்ளே விடுவதில்லை. பொழுதுபோக்குக் கடை என்ற கணக்கில்தான் உரிமம். பத்து வயதில் கியூ பிடிக்கவேண்டிய பையன் பதினெட்டில் பிடிக்கிறான். 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் ஸ்நூக்கர் நடந்தபோது அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கைதட்டிவிட்டு, தன் பிள்ளையை மட்டும் டியூஷனுக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். (நானும்தான் அனுப்பினேன், வேறென்ன செய்ய.)

செந்தூல்_கியூ:
அது வேறு திரிக்கு அக்கா, தனியாகத் திறங்கள், நானும் வருகிறேன். இங்கே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஷூட் அவுட் நடக்கட்டும், பரிசும் கொடுக்கட்டும், பட்டியலில் மட்டும் சேர்க்காதீர்கள். 2011-இலிருந்து 2016 வரை அப்படித்தானே நடந்தது, கூட்டமும் வந்தது, சத்தமும் வந்தது. ரேங்கிங் அந்தஸ்து 2017-இல்தான் ஒட்டினார்கள்.

பட்டர்வொர்த்_பாலா:
அப்போது ஆடியது 64 பேர் தம்பி. ரேங்கிங் ஆக்கியபோதுதான் 128 ஆனது. உன் 65-ஆம் ஆள் அந்த ஆறு வருடமும் வீட்டிலிருந்துதான் பார்த்தான். அவனுக்காகத்தானே இவ்வளவு நேரம் அழுதாய்?

செந்தூல்_கியூ:
128 பேரை அழைக்க ரேங்கிங் தேவையில்லை அண்ணே, விருப்பம் இருந்தால் போதும். இரண்டையும் முடிச்சுப் போட்டது அவர்கள்.

ஜெலுத்தோங்_மணி:
தூங்கி எழுந்து வந்தேன், இன்னும் முடியவில்லையா? இங்கேயும் 15 விநாடி கடிகாரம் வைக்கச் சொல்லுங்கள்.