திருச்சிக்குப் போகிறோம், ஊரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உப்புவெளி மகள்:
அடுத்த மாதம் அம்மாவோடு கொழும்பிலிருந்து திருச்சிக்குப் போகிறேன். அம்மாவுக்கு ஸ்ரீரங்கம் ஒன்றே போதும். எனக்கு அந்த ஊரைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டு பார்க்க விருப்பம். தேடினால் கோயில் பெயர்கள்தான் வரிசையாக வருகின்றன, எது எதோடு சேரும் என்று தெரியவில்லை. அம்மாவுக்கு முழங்கால் நோ. நம் திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றத்தையே நின்று நின்றுதான் ஏறுவார். மலைக்கோட்டை சரிவருமா?

பாலையூற்றான்:
தங்கச்சி, திருச்சியை ஆற்றை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். ஊருக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் கிடக்கிற தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும். தீவின் கிழக்குக் கோடியில் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை. மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டு, வயலுக்கு வேண்டிய தண்ணீரைத் தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்புகிற இடம் அது. சோழர்களின் பழைய தலைநகரம் உறையூர், இன்றைக்குத் திருச்சிக்குள்ளேயே ஒரு பகுதி.

இதையெல்லாம் ஒரே பார்வையில் காட்டுவது மலைக்கோட்டை உச்சிதான். 83 மீட்டர், நானூறுக்கு மேல் படிகள். அம்மாவை ஏற்ற வேண்டாம், அடிவாரத்து மாணிக்க விநாயகர் சன்னதியில் இருக்கட்டும். நீங்கள் வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை இருக்கிறது. தாயுமானவர் கோயிலும் வழியில்தான். காவிரி வெள்ளத்தால் தாய் வரமுடியாமல் போன பிள்ளைத்தாய்ச்சிக்குச் சிவனே தாயாக வந்தார் என்பது அங்கே கதை. சம்பந்தர் அந்த மலையையும் பாடினார், நம்முடைய கோணமாமலையையும் பாடினார்.

ஸ்ரீரங்கத்தில் அவசரப்படாதீர்கள். ஏழு மதில்கள், வெளிச்சுற்றுகளுக்குள் வீடும் கடையும் சனமுமாக ஒரு ஊரே இருக்கிறது. விஜயநகர காலத்தில் தொடங்கிப் பாதியில் நின்ற ராஜகோபுரம் 1987இல்தான் 236 அடியாக எழுந்தது. ஆனால் என்னை உலுக்கியது கோபுரம் அல்ல. 1323இல் டில்லிப் படை வந்தபோது, வீதியுலா வரும் திருவுருவமான உற்சவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காடு, மலை, திருப்பதி என்று அலைந்து 1371இல்தான் அவர் வீடு திரும்பினார். போர்த்துக்கீசர் இடித்த காலத்தில் மண்ணுக்குள் போன நம் கோணேசர் கோயில் திருவுருவங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இதை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. அந்த உற்சவர் முன்னால் எனக்குப் பேச்சே வரவில்லை.

மூலவர் ரங்கநாதர் தெற்கே பார்த்துப் படுத்திருக்கிறார், விபீஷணனுக்காக இலங்கையைப் பார்க்கிறார் என்பார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்.

கிண்ணியா வாசகன்:
நத்ஹர்வலி தர்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்னாட்டின் மிகப் பழைய தர்காக்களில் ஒன்று, மலைக்கோட்டையிலிருந்து தூரமில்லை. இன்னொன்று: 1751-52இல் திருச்சிக்காகப் பெரிய சண்டை நடந்தது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி: சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணை. பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்துக்குள் ஒதுங்கி, 1752 ஜூனில் அங்கேயே சரணடைந்தது. 1782இல் நம் துறைமுகத்தை அடுத்தடுத்துப் பிடித்ததும் இதே இரண்டு கூட்டமும்தான்.

உப்புவெளி மகள்:
இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இப்போது அவர் தர்காவுக்கும் வருவாராம். திருவானைக்காவுக்கு எந்த நேரம் நல்லது அண்ணா?

பாலையூற்றான்:
உச்சிக்காலப் பூசைக்குப் போங்கள். அகிலாண்டேஸ்வரியின் அர்ச்சகர் சேலை உடுத்து, கிரீடம் வைத்து, யானை முன்னே வர, அம்மனாகவே வந்து சுவாமிக்கும் பசுவுக்கும் பூசை செய்வார். பஞ்சபூதத்தில் அது நீர்த்தலம், லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறும். கருவறை வாசல் சிறியது, அதனால் முன்னால் இருக்கும் ஒன்பது துளைச் சாளரம் வழியாகவும் பார்க்கச் சொல்லுங்கள். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் திருவானைக்கா வழியாக ஸ்ரீரங்கம் போகும், அம்மாவுக்கு அதிகம் நடை இருக்காது.