காது எலும்புக்குள்ள கட்டி: ஆபரேஷனுக்கு அப்புறம் கேக்குதா? உங்க அனுபவம் சொல்லுங்க

எனக்கு வந்தது குளோமஸ் டிம்பானிக்கம், நடுக்காதுல வர்ற ரத்தக்குழாய் நிறைஞ்ச கட்டி. இடது காதுல நாடி அடிக்கிற மாதிரியே டொக் டொக்னு சத்தம், படி ஏறினா அதுவும் வேகமா அடிக்கும், ராத்திரி தலை சாச்சா தூக்கமே வராது, எல்லாரும் டென்ஷன்னு சொல்லிட்டாங்க. ஈஎன்டி டாக்டர் ஸ்கோப் வெச்சுப் பார்த்ததும் செவிப்பறைக்குப் பின்னாடி செக்கச்செவேல்னு ஒண்ணு துடிக்குதுன்னார். பயாப்சி எடுப்பீங்களான்னு கேட்டேன், ஐயோ தொடவே கூடாது, முழுக்க ரத்தக்குழாய், கொட்டிடும்னார். சிடி ஸ்கேன்ல அவர் தேடிப் பார்த்தது நடுக்காதோட தரை எலும்பைத்தான், ஏன்னா அதுக்குக் கீழ பெரிய ரத்தக்குழாய் போகுது. எலும்பு அரிக்காம இருந்ததால காது துவாரம் வழியாவே செவிப்பறையைத் தூக்கிட்டு கட்டியை எடுத்துட்டாங்க. துடிப்புச் சத்தம் நின்னுச்சு. உள்ள வெச்ச பேக்கிங்கை எடுத்தப்புறம் முன்னவிட நல்லாவே கேக்குது, கட்டிதான் சத்தத்தை உள்ள கடத்துற குட்டி எலும்புகளை அமுக்கிட்டு இருந்திருக்கு.

*

அக்கா, உங்களுக்கு நடுக்காதோட போச்சு. என் தம்பிக்கு உள்காதுகிட்ட, எண்டோலிம்ஃபாட்டிக் சாக் டியூமர். அவனுக்கு வான் ஹிப்பெல் லிண்டாவ் இருக்கு, பரம்பரையா வர்ற ஜீன் கோளாறு, அதுல இந்தக் கட்டி ரெண்டு காதுலயும் வரலாம். எம்ஆர்ஐல சின்னதா தெரிஞ்சது, ஆனா காது நல்லா கேட்டுட்டு இருக்கு. நல்லா இருக்குற காதுல எதுக்கு கத்தி வெக்கணும்னு வீட்ல ஒரே சண்டை. சர்ஜன் சொன்னதுதான் மனசை மாத்துச்சு, இந்தக் கட்டி சின்னதா இருந்தாலும் உள்காதுக்குள்ள ரத்தம் கசிஞ்சா ஒரே நாள்ல கேக்குறது போயிடலாம், போனா பெரும்பாலும் திரும்பாது, அதனால கேக்கும்போதே எடுக்குறதுதான் லாபம்னு. காதுக்குப் பின்னாடி மாஸ்டாய்டு எலும்பைக் குடைஞ்சு, பேலன்ஸுக்கான அரைவட்டக் குழாய்களைத் தொடாம போனாங்க, காதுல கிளிக் சத்தம் கொடுத்து நரம்போட சிக்னலை ஆபரேஷன் முழுக்க பார்த்துட்டே இருந்தாங்க. ரெண்டு வாரம் தலைசுத்தல், அவ்ளோதான், காது தப்பிச்சுது. வருஷா வருஷம் ஸ்கேன் மட்டும் உண்டு, மத்த காதுக்கும் சேர்த்து.

*

என்னுது குளோமஸ் ஜுகுலரே, முதல்ல சொன்ன அதே வகை கட்டிதான், ஆனா நடுக்காதுக்குக் கீழ போற பெரிய ரத்தக்குழாய்கிட்ட வர்றது, பெருசு. முந்தின நாளே தொடை வழியா டியூப் விட்டு கட்டிக்குப் போற ரத்தக்குழாய்களை அடைச்சாங்க, மறுநாள் முழுக்க ஆபரேஷன். "ஹியரிங் காப்பாத்துவோம்"னு டாக்டர் சொன்னா எந்த ஹியரிங்னு கேட்டுக்கோங்க ப்ளீஸ். எனக்கு உள்காதும் நரம்பும் சேஃப், ஆனா கட்டியை எட்டணும்னா காது துவாரத்தையே தைச்சு மூடணும், அதனால வெளிச்சத்தம் உள்ள போக வழியில்ல. முக நரம்பையும் இடம் மாத்தி வெச்சாங்க, கண்ணு மூட பல மாசம் ஆச்சு, அது காதைவிட கஷ்டம்.

இப்ப எலும்பு வழியா கேக்க வைக்கிற மெஷின் பொருத்தலாம்னு சொல்றாங்க. தோலுக்கு அடியில காந்தம் இருக்குற மாடல்னா ஃபாலோ அப் எம்ஆர்ஐல அந்த இடமே கறுப்பா மறைஞ்சிடுமாம், கட்டி திரும்ப வளருதான்னு பார்க்கவேண்டியதும் அதே பக்கம்தானே. தோலுக்கு வெளிய நீட்டிட்டு இருக்குற ஸ்க்ரூ மாடலா காந்த மாடலா, போட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.