மாஸ்க்கில் கருப்பு பூசியும் பழைய வானம் முழுதாகப் போகவில்லை

கேள்வி:

இரண்டு ராத்திரியாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபோட்டோஷாப்பில் அக்கா மகளின் படம் ஒன்று. சுருட்டை முடி, பின்னால் வெளுத்துப்போன வானம். அதை எடுத்துவிட்டு, வேறொரு நாள் நான் எடுத்த மாலை மேகத்தை வைக்க வேண்டும். மேகம் கீழ் லேயர் (அடுக்கு), பிள்ளை மேல் லேயர், மேல் லேயருக்கு மாஸ்க்: அதில் கருப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை இடம் தெரியும். இதுவரை சரி.

மாஸ்க்கில் கருப்பு பூசுகிறேன். வானம் மறைகிறது, ஆனால் முழுதாக இல்லை. மேகத்தின் மேல் பனி படர்ந்த மாதிரி ஒரு வெண்மை நிற்கிறது. பத்துத் தடவை தேய்த்தாலும் அதற்குமேல் அசையவில்லை. போதாக்குறைக்கு, வலது ஓரத்தில் ஒரு பகுதியில் பிரஷ் வேலையே செய்யவில்லை. செத்த தோல் மாதிரி கிடக்கிறது.

முதலில் வரப்போகும் பதில் தெரியும் என்பதால் முந்திக்கொள்கிறேன்: படத்தை அல்ல, லேயர் பட்டியலில் உள்ள மாஸ்க்கின் தம்ப்நெயிலைத்தான் (சின்னப் படம்) கிளிக் செய்திருக்கிறேன். கட்டம் அதைச் சுற்றித்தான் இருக்கிறது. பிரஷ் ஒபாசிட்டி 100, ஃப்ளோ 100, மோடு நார்மல், நிறம் கருப்பு.

பதில் 1:

மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு ப்ராப்பர்ட்டீஸ் பேனலைப் பாருங்கள். டென்சிட்டி 100-க்குக் கீழே இருந்தால் கருப்பு பூசிய இடமும் கொஞ்சம் தெரியும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது.

கேட்டவர்:

பார்த்தேன். டென்சிட்டி 100, ஃபெதர் 0. அதுவும் இல்லை.

பதில் 2:

எல்லாவற்றுக்கும் எண் சொன்ன நீங்கள், நிறத்துக்கு மட்டும் 'கருப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். டூல்பாரில் உள்ள அந்த நிறச் சதுரத்தை கிளிக் செய்து ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களைப் பாருங்கள். மூன்றும் 0 ஆக இருக்க வேண்டும். 30, 40 என்று இருந்தாலும் அந்தச் சின்னச் சதுரத்தில் கண்ணுக்குக் கருப்பாகத்தான் தெரியும். ஆனால் மாஸ்க்குக்கு அது சாம்பல். 255 முழு வெள்ளை, 0 முழுக் கருப்பு; நடுவில் இருப்பதெல்லாம் பாதி மறைவு. அடர் சாம்பலை எத்தனை முறை பூசினாலும் அது அடர் சாம்பல்தான்.

ஆல்ட்டை அழுத்தியபடி மாஸ்க் தம்ப்நெயிலை கிளிக் செய்தால் திரை முழுக்க மாஸ்க் மட்டும் தெரியும். அங்கே கரும்பலகையைச் சரியாக அழிக்காத மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வலது ஓரத்துக்கு வேறு கேள்வி. வழியில் எங்கேயாவது கன்ட்ரோல் எச் அழுத்தினீர்களா?

கேட்டவர்:

41, 41, 41.

கணக்குப் போட்டேன்: 255-ல் 41 என்றால் 16 சதவீதம். அவ்வளவு வானம் இரண்டு நாளாக மேகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எப்படி வந்தது என்றும் இப்போது புரிகிறது. பிரஷ் அளவை மாற்ற ஆல்ட்டோடு வலது பட்டனை அழுத்தி இழுப்பேன். முடிக்குப் பக்கத்தில் எங்கேயோ அவசரத்தில் இடது பட்டனை அழுத்தியிருக்கிறேன். அது நிறம் எடுக்கிற வேலை ஆயிற்றே! பிள்ளையின் முடி நிறத்தை எடுத்து மாஸ்க்கில் பூசியிருக்கிறேன்.

கன்ட்ரோல் எச், ஆமாம். காதுக்குப் பக்கத்தில் கவனமாகப் பூசுவதற்காக, கையால் எல்லை வரையும் லாசோ டூலால் ஒரு செலக்‌ஷன் போட்டேன். ஓடுகிற புள்ளிக்கோடு கண்ணை உறுத்தியது, மறைத்துவிட்டேன். அப்புறம் மறந்தே போனேன். அந்த எல்லைக்கு வெளியே பிரஷ் பூசாது அல்லவா! கன்ட்ரோல் டி அழுத்தி அதை நீக்கினேன், வலது ஓரத்துக்கு உயிர் வந்துவிட்டது.

மொத்த வானத்தையும் மறுபடி முதலிலிருந்து பூச வேண்டுமா?

பதில் 2:

வேண்டாம். மாஸ்க் தேர்வில் இருக்கும்போதே கன்ட்ரோல் எல். கருப்பு வெள்ளை அளவைத் திருத்தும் லெவல்ஸ் வரும். இடது பக்கக் கருப்பு முக்கோணத்தை 41-ஐ ஒட்டி, 43 என்று வையுங்கள். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் 0-க்கு இறங்கிவிடும். முடி ஓரத்தின் மென்மை இதனால் லேசாக இறுகும், அதனால் 80, 90 என்று தள்ளிவிடாதீர்கள்.

இனி நிறத்தை சந்தேகப்பட்டால் டி அழுத்துங்கள், நிறங்கள் பழையபடி கருப்பு வெள்ளைக்குத் திரும்பும். ஒரு விஷயம்: லேயர் தேர்வில் இருக்கும்போது டி அழுத்தினால் முன்னால் கருப்பு வரும், மாஸ்க்கில் அழுத்தினால் வெள்ளை வரும். எக்ஸ் அழுத்தி மாற்றிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் மறைத்த இடத்தையெல்லாம் திரும்பத் திறந்து வைத்தவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

பதில் 3:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சுருட்டை முடி என்றீர்கள். வானம் சரியானதும் முடியைச் சுற்றி வெள்ளை விளிம்பு தெரிய ஆரம்பிக்கும் பாருங்கள். அது மாஸ்க்கின் தப்பு இல்லை. பழைய வெள்ளை வானத்தின் ஒளி முடி இழைகளிலேயே கலந்திருக்கிறது. பிரஷ்ஷோடு அங்கே போனால் முடி கத்தரித்த மாதிரி ஆகிவிடும். தடவிய இடத்தை இருட்டாக்கும் பர்ன் டூலை எடுங்கள், ரேஞ்ச் ஷேடோஸ், எக்ஸ்போஷர் 15, 20 போதும். மாஸ்க்கின் ஓரத்தில் மெதுவாகத் தடவுங்கள். சாம்பல் இருட்டாகும், வெள்ளையை அவ்வளவாகத் தொடாது. பிறகும் மிச்சம் இருந்தால், மேலே ஒரு காலி லேயர் வைத்து, கிளிப்பிங் மாஸ்க்காக்கி (கீழே பிள்ளை தெரியும் இடத்தில் மட்டும் தெரியும்), முடி நிறத்தையே அந்த விளிம்பில் பூசிவிடுங்கள்.

கேட்டவர்:

லெவல்ஸில் 43 வைத்த நொடியில் பனி விலகிவிட்டது. இரண்டு ராத்திரி வேலை, நான்கு வினாடி. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

வெள்ளை விளிம்பும் சொன்னபடியே வந்தது. பர்ன் டூல் உச்சந்தலையில் நன்றாக வேலை செய்தது. இடது காதுக்கு மேலே இரண்டு சுருள் மட்டும் அடங்கவில்லை, அங்கே காலி லேயர் வைத்து நிறம் பூசினேன். அந்த நிறத்தை முடியிலிருந்துதான் எடுத்தேன், ஆல்ட்டும் இடது பட்டனும். இந்தத் தடவை வேண்டுமென்றே.