நண்பரிடம் கொட்டுவதற்கும் தெரபியில் பேசுவதற்கும் என்ன வித்தியாசம்?

அலைவரிசை:
மனசில் இருப்பதை நெருங்கிய நண்பரிடம் கொட்டினாலே பாரம் இறங்குகிறது. அதற்கு மேல் தெரபிஸ்ட் என்ன செய்கிறார்? அமர்வில் என்னதான் நடக்கும்? எத்தனை வாரம் போன பிறகு பலன் இருக்கா இல்லையா என்று முடிவு பண்ணலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கார்முகில்:
கொட்டினால் வரும் ஆறுதல் நிஜம்தான், ஆனால் பல நேரம் அது அன்றைக்கு மட்டும். அதே வருத்தத்தை அதே வார்த்தைகளில் திரும்பத் திரும்ப அசைபோட்டால் சோர்வு நீளவே செய்யும். "எல்லாமே வீணாப்போச்சு" என்றால் நண்பர் "அப்படியெல்லாம் இல்ல, விடு" என்பார். தெரபிஸ்ட் விடமாட்டார். "எல்லாமே என்றால் எது எது? அந்த நினைப்பு எப்போது வந்தது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்பார். மங்கலான பாரம் பெயருள்ள நாலைந்து விஷயங்களாகப் பிரிந்தால்தான் கை வைக்க முடியும்.

1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் தொடங்கிய வழியில் வளர்ந்த சிபிடியில் (எண்ணங்களையும் செயல்களையும் மாற்றி மனநிலையைச் சீராக்கும் பேச்சு சிகிச்சை) ஓர் அமர்வு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். போன வார மனநிலை, போன வார வீட்டுப்பாடம், அன்றைக்குப் பேச ஒன்றிரண்டு விஷயம், கடைசியில் புது வீட்டுப்பாடம். அதில் முக்கியமானது எண்ணப் பதிவேடு: நடந்தது என்ன, அப்போது ஓடிய எண்ணம், அதை எத்தனை சதவீதம் நம்பினீர்கள், என்ன உணர்ச்சி, அந்த எண்ணத்துக்கு ஆதாரம், எதிர் ஆதாரம், இரண்டையும் வைத்துப் பார்த்த பிறகு நம்பிக்கை எத்தனை சதவீதம்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, எண்ணத்தைக் கேள்வியாக எழுதுவது. "அவர் ஏன் பதில் போடல?" என்பதற்கு ஆதாரம் தேட முடியாது. "என்னை அவருக்குப் பிடிக்கல" என்று எழுதினால் தேடலாம். இன்னொன்று, எதிர் ஆதாரத்துக்குப் பதில் "எல்லாம் நல்லதுக்கே" என்று எழுதுவது. மனம் அதை நம்பாது. 90 சதவீத நம்பிக்கை 60க்கு இறங்கினாலே அந்தப் பதிவு வேலை செய்திருக்கிறது.

அலைவரிசை:
வீட்டுப்பாடம் செய்யாமல் போனால்?

கார்முகில்:
அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏன் செய்ய முடியவில்லை என்பதே அன்றைய அமர்வுக்கு நல்ல பொருள். சோர்வு அதிகமாக இருப்பவருக்குப் பதிவேடே பெரிய வேலை. அவருக்கு முதலில் "காலையில் 10 நிமிடம் நடை" போலச் சின்னச் செயல் போதும். மனசு வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது, செய்யச் செய்யத்தான் வரும்.

அந்திவெயில்:
பலனை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற வினாத்தாள் இருக்கிறது. கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டிய நிலை, 5 புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும், தன்னைக் காயப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. அங்கே 0 தவிர எது வந்தாலும் அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் உடனே சொல்லிவிடுங்கள்.

சிபிடி பொதுவாக 12 முதல் 20 அமர்வு. ஆறேழு அமர்வாகியும் எண் அசையவில்லை என்றால் திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். கடுமையான சோர்வில் மருந்தும் தெரபியும் சேரும்போது பலன் கூடும். கொஞ்சம் தெளிந்ததுமே மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

மணல்வீடு:
மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று இருக்கிறது: தெரபிஸ்ட்டுக்கும் வருபவருக்கும் உள்ள உறவு. எந்த முறையாக இருந்தாலும் பலன் இதோடு சேர்ந்தே நகர்கிறது. 1979இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் இதை மூன்றாகப் பிரித்தார்: எதற்காக வருகிறோம் என்பதில் ஒத்த கருத்து, அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் ஒத்த கருத்து, இருவருக்கும் இடையே நம்பிக்கை.

முதல் இரண்டும் பேசித் தீராவிட்டால் சிலர் சொல்லாமலே நின்றுவிடலாம். நிற்பதற்கு முன், "போன வாரம் நீங்கள் சொன்னது எனக்கு உறுத்தியது" என்று ஒருமுறை நேராகச் சொல்லிப் பாருங்கள். நல்ல தெரபிஸ்ட் தற்காத்துப் பேசாமல் கேட்டுக்கொள்வார். நீங்கள் சொன்ன பிறகும் உங்கள் மீதே பழி வந்தால் ஆளை மாற்றத் தயங்க வேண்டாம். பேசுவது எதுவரை ரகசியம், எந்த ஆபத்தில் மட்டும் வெளியே சொல்ல நேரும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.